வீட்டுக் கைப்பக்குவத்தில் இருந்து ஒரு சிறுதொழில்: இயற்கைச் சவர்க்காரமும் தோல் எண்ணெயும்

தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் வடக்கில் வாழ்ந்தவர்களுக்குச் சவர்க்காரத்தின் பெறுமதி தெரியும். மண்ணெண்ணெய், பற்றரி, சீமெந்து போல அதுவும் தாராளமாகக் கிடைக்காத பொருட்களில் ஒன்றாக இருந்தது. பனம்பழத்தைப் பிசைந்து அந்தக் களியில் உடுப்புத் தோய்த்தோம். தலைக்குச் சீயாக்காயும் செவ்வரத்தை இலையும், உடம்புக்குப் பயற்றம்மாவும், பாத்திரத்துக்குச் சாம்பலும் போதுமாக இருந்தன. அதை வறுமையின் அடையாளமாகவே பலர் நினைவு வைத்திருக்கிறார்கள். ஆனால் தடை வந்த பிறகு யாரும் அதைப் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. எங்கள் அம்மம்மாமாருக்கும் அப்பம்மாமாருக்கும் ஏற்கனவே தெரிந்திருந்த விடயங்கள்தான் அந்த நாட்களில் எங்களைக் காப்பாற்றின.

நான் கிளிநொச்சி மாவட்டத்தில் வீட்டிலேயே சவர்க்காரமும் தலைக்கும் உடம்புக்குமான எண்ணெய்களும் செய்து விற்கிறேன். அம்மம்மாவிடம் பார்த்துப் பழகியதுதான் என் முதல். இப்படி ஒரு தொழிலைத் தொடங்கலாமா என்று கேட்டுப் பெண்கள் அடிக்கடி வருகிறார்கள். கணவரைப் போரில் இழந்தவர்கள், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் மனைவிமார், காயத்தோடு வாழ்பவர்கள், வெளியே கூலி வேலைக்குப் போக முடியாதவர்கள். அவர்களுக்கு வாயால் சொல்லும் விடயங்களை ஒழுங்காக எழுதி வைப்பதே இந்தக் கட்டுரை.

எங்கள் வீடுகளில் இருந்த அறிவு

எங்கள் ஊர்களில் தோல் பராமரிப்பு தனியான ஒரு கலையாக இருக்கவில்லை. அது நாட்களோடும் சடங்குகளோடும் சேர்ந்திருந்தது. சனிக்கிழமை நல்லெண்ணெய் வைத்து முழுகுவது, சித்திரை வருடப்பிறப்புக்கு மருத்துநீர் வைப்பது, பிள்ளை பெற்றவளுக்கு நொச்சி, பாவட்டை, ஆமணக்கு இலைகளை அவித்த வேதுத்தண்ணீர் வார்ப்பது, கொப்புளிப்பான் வந்து தணிந்த பிறகு வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரில் முழுக வார்ப்பது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரமும் ஒரு முறையும் இருந்தன. மருத்துநீரில் தாழம்பூ, தாமரைப்பூ, மாதுளம்பூ, துளசி, வில்வம், அறுகு, மஞ்சள், மிளகு, சுக்கு என்று சேரும் பொருட்களைப் பஞ்சாங்கமே வருடாவருடம் சொல்கிறது.

இதற்கு எழுத்து வடிவமும் உண்டு. யாழ்ப்பாண அரசர் காலத்தில் எழுந்த செகராசசேகரம், பரராசசேகரம் ஆகிய வைத்திய நூல்கள் இன்றும் சித்த மருத்துவர்களால் எடுத்துப் பார்க்கப்படுகின்றன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சித்த மருத்துவம் பாடமாகவே கற்பிக்கப்படுகிறது. ஆனால் பெண்களின் கையில் இருந்த அறிவு பெரும்பாலும் எழுதப்படவில்லை. "ஒரு கைப்பிடி", "ஒரு சிரட்டை", "வாசம் மாறும்வரை" என்ற அளவுகளில் அது வாய்வழியாகவே வந்தது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏட்டுச்சுவடிகள் அழிந்ததைப் பற்றிப் பேசுகிறோம். 1995 இடப்பெயர்விலும் 2009 இலும் எத்தனை வீடுகளின் வாய்வழி அறிவு வழியிலேயே நின்றுபோனது என்று எண்ணிப் பார்ப்பவர்கள் குறைவு. சொல்லித் தரக்கூடியவர் இல்லாமல் போன வீட்டில் பதிலுக்கு எடுத்துப் பார்க்கப் பிரதி எதுவும் கிடையாது.

ஆகவே தொழில் தொடங்குவதற்கு முன் செய்யவேண்டிய முதல் வேலை, தெரிந்தவரிடம் இருந்து கேட்டு எழுதுவது. உங்கள் வீட்டில் யாரும் இல்லையென்றால் ஊரில் ஒரு ஆச்சி இருப்பார். அவர் செய்யும்போது பக்கத்தில் இருந்து, அவர் அள்ளும் ஒவ்வொரு கைப்பிடியையும் தராசில் போட்டு நிறுத்துக் கொப்பியில் எழுதுங்கள். மூன்று தடவை நிறுத்துச் சராசரி எடுத்தால் அந்தக் கைப்பிடி கிராமாகிவிடும். எந்த மாதத்தில் பறித்த இலை, நிழலில் காயவைத்ததா வெயிலில் காயவைத்ததா என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

எதை விற்கலாம், எதை வீட்டோடு வைத்திருக்கலாம்

வீட்டில் பாவிக்கும் எல்லாவற்றையும் விற்க முடியாது. வீட்டில் அரைத்துப் பூசி அன்றே கழுவிவிடுவோம். விற்கும் பொருளோ கடையில் ஒரு மாதமும் வாங்குபவரின் குளியலறையில் இன்னும் சில மாதங்களும் இருக்கவேண்டும். இதைத் தீர்மானிப்பது தண்ணீர். தண்ணீர் இருக்கும் பொருளில் பற்றீரியாவும் பூஞ்சணமும் வளரும். தண்ணீர் இல்லாத பொருள் நிலைக்கும்.

தொடக்கத்தில் செய்யக்கூடியவை மூன்று. கட்டிச் சவர்க்காரம், காய்ச்சிய எண்ணெய், பயறு, கஸ்தூரி மஞ்சள், ஆவாரம்பூ போன்றவற்றை நன்றாகக் காயவைத்து இடித்த மா. இவை மூன்றிலும் கெட்டுப்போகும் அளவுக்குத் தண்ணீர் நிற்பதில்லை. மாவை ஈரக்கரண்டியால் அள்ளக்கூடாது என்று வாங்குபவருக்குச் சொல்லவேண்டும். வண்டு பிடிக்கும் என்பதால் சிறிய பொதிகளாகவும் குறைந்த அளவிலும் இடிப்பது நல்லது.

கற்றாழைக் களி, பன்னீர், பால் கலந்த பூச்சு, கிறீம் ஆகியவற்றைத் தொடக்கத்தில் தொடாதீர்கள். கற்றாழைக் களி சில நாட்களிலேயே கெட்டுவிடும். போத்தலில் நிலைக்கவேண்டுமானால் சரியான பதன்பொருளும் ஆய்வுகூடச் சோதனையும் தேவை. "பதன்பொருள் இல்லாதது" என்று பெருமையாக எழுதி விற்கும் கிறீமில் கிருமி வளர்ந்தால், அதைப் பூசுபவரின் கண்ணுக்கும் புண்ணுக்கும் ஆபத்து. கற்றாழையை வீட்டுக்குப் பாவிக்கும்போதும், வெட்டிய மடலை நிமிர்த்தி வைத்து மஞ்சள் பால் வடிந்த பிறகே எடுக்கவேண்டும். அந்தப் பால் பலருக்குக் கடியை உண்டாக்கும்.

சவர்க்காரம்: கைப்பக்குவம் போதாத இடம்

எண்ணெயும் காரமும் சேர்ந்து சவர்க்காரமாக மாறுகின்றன. பழைய காலத்தில் சாம்பல் நீர் அந்தக் காரத்தைக் கொடுத்தது. இன்று கோஸ்டிக் சோடா பாவிக்கிறோம். சரியாகச் செய்து முடித்த கட்டியில் கோஸ்டிக் சோடா மிச்சம் இருக்காது. அதனால் அளவு பிசகக்கூடாது. ஒவ்வொரு எண்ணெய்க்கும் தேவையான காரம் வேறு வேறு. ஒரு கிராம் தேங்காய் எண்ணெய்க்கு ஏறக்குறைய 0.183 கிராம், நல்லெண்ணெய்க்கு 0.134 கிராம், வேப்பெண்ணெய்க்கு 0.139 கிராம் கோஸ்டிக் சோடா வேண்டும். இதில் 5 தொடக்கம் 8 வீதம் குறைத்துப் போட்டால் கொஞ்சம் எண்ணெய் மாறாமல் நின்று தோலை வரளவிடாமல் காக்கும்.

நான் அதிகம் செய்யும் கலவை இது:

தேங்காய் எண்ணெய் 700 கிராம்
நல்லெண்ணெய் 200 கிராம்
வேப்பெண்ணெய் 100 கிராம்
கோஸ்டிக் சோடா 155 கிராம்
தண்ணீர் 330 கிராம்

கணக்கைச் சரிபார்க்க விரும்புபவர்களுக்கு: 128.1, 26.8, 13.9 ஆகிய மூன்றையும் கூட்டினால் 168.8 கிராம் வரும். அதில் 8 வீதம் குறைத்தால் 155. எண்ணெயை மாற்றினால் இந்தக் கணக்கையும் முழுதாகத் திரும்பச் செய்யவேண்டும். எல்லாவற்றையும் போத்தல் அளவில் அளக்காமல் தராசில் நிறுங்கள். ஒரு கிராம் வரை காட்டும் இலத்திரனியல் தராசு இந்தத் தொழிலில் முதலில் வாங்கவேண்டிய பொருள்.

கோஸ்டிக் சோடா தோலையும் கண்ணையும் எரிக்கும். கையுறை, கண்ணை மூடும் பாதுகாப்புக் கண்ணாடி, நீளக்கைச் சட்டை ஆகியவை இல்லாமல் தொடவேண்டாம். தண்ணீருக்குள்தான் சோடாவைச் சிறிது சிறிதாகப் போடவேண்டும். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியச் சட்டியில் கரைத்தால் அது அரித்து, தீப்பிடிக்கும் வாயுவை வெளியிடும். எவர்சில்வர் அல்லது தடித்த பிளாஸ்டிக் வாளி போதும். காற்றோட்டமான இடத்தில், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன நேரத்தில் செய்யுங்கள். மிச்சச் சோடாவைக் காற்றுப் புகாத போத்தலில் பூட்டி, பெயர் எழுதி, உணவுப் பொருட்களில் இருந்து தள்ளி வையுங்கள். தோலில் பட்டால் வினாகிரி ஊற்றாமல், ஓடும் தண்ணீரில் 15 தொடக்கம் 20 நிமிடம் கழுவவேண்டும். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

கரைசலும் எண்ணெயும் கைபொறுக்கும் சூட்டுக்கு, ஏறக்குறைய 40 பாகைக்கு, ஆறிய பின் கரைசலை எண்ணெய்க்குள் ஊற்றிக் கலக்குங்கள். தடித்த கஞ்சிப் பதம் வந்ததும் அச்சில் ஊற்றி மூடி வைத்தால் ஒன்று அல்லது இரண்டு நாளில் வெட்டலாம். அதன் பிறகு காற்றுப் படும் தட்டில் 4 தொடக்கம் 6 வாரம் காயவேண்டும். இந்தக் காத்திருப்பைக் குறைக்கக்கூடாது. காயாத கட்டி தண்ணீரில் சீக்கிரம் கரையும், தோலுக்கும் கடுமையாக இருக்கும். இந்த அளவில் 100 கிராம் வரையான 12 கட்டிகள் கிடைக்கும்.

எண்ணெய்: பதம் என்பது தண்ணீர் பற்றிய அறிவு

கையாந்தகரை, செவ்வரத்தை, கறிவேப்பிலை, வேப்பிலை எதைப் போட்டுக் காய்ச்சினாலும் கெட்டுப்போவதற்குக் காரணம் ஒன்றுதான்: இலையில் இருந்த ஈரம் எண்ணெயில் நின்றுவிடுவது. பழையவர்கள் மெழுகு பதம், மணல் பதம் என்று சொன்னது இதைத்தான். வெந்த இலையை எடுத்து விரலால் உருட்டினால் மெழுகு போலத் திரள்வது ஒரு பதம், மணல் போல நறநறப்பது அதற்கு அடுத்த பதம். சடசடப்பு அடங்கி நுரை தணிந்த பிறகு, அந்த எண்ணெயில் திரியை நனைத்துக் கொளுத்திப் பார்ப்பார்கள். வெடிக்காமல் எரிந்தால் தண்ணீர் இல்லை. ஆய்வுகூடம் இல்லாத வீட்டில் இது நல்ல சோதனை. அடுப்பை மெதுவாக எரியவிடவேண்டும், புகை எழுந்தால் எண்ணெய் கருகுகிறது என்று அர்த்தம்.

ஆறிய பின் வடித்து, கொதிநீரில் கழுவி முற்றாக உலர்ந்த போத்தலில் அடையுங்கள். நிறம் கூடிய போத்தல் என்றால் வெளிச்சத்தில் காறுவது குறையும். ஒவ்வொரு தடவையும் காய்ச்சியதில் ஒரு சிறு போத்தலைத் திகதி எழுதி வீட்டில் வைத்திருங்கள். மாதம் ஒரு தடவை மணந்து பார்த்தால் உங்கள் எண்ணெய் எத்தனை மாதம் நிற்கிறது என்பது உங்களுக்கே தெரியும். அந்தக் காலத்துக்குள் வரும் திகதியையே காலாவதியாகப் போடவேண்டும்.

மூலப்பொருள் தேடிப் போகும்போது ஒரு எச்சரிக்கை. வேப்பங்கொட்டை, இலுப்பங்கொட்டை பொறுக்க ஆட்கள் காணாத பற்றைக்காடுகளுக்குப் போகவேண்டாம். முகமாலை போன்ற இடங்களில் மிதிவெடி அகற்றுவதற்குப் பல வருடங்கள் எடுத்ததை மறக்கக்கூடாது. அபாயக் குறி இருக்கும் இடத்துக்குள் கொட்டைக்காக மட்டும் அல்ல, எதற்காகவும் போகக்கூடாது. கோயில் வளவு, வயல் வரம்பு, சொந்த வளவு, உறவினர் வளவு போதும். பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் எங்கள் மரங்கள் எவ்வளவோ தறிக்கப்பட்டன. எடுக்கும் இடத்தில் ஒரு வேப்பங்கன்றாவது வைத்துவிட்டு வாருங்கள்.

தழும்போடு வருபவர்களுக்கு என்ன சொல்லலாம்?

எங்கள் பகுதியில் இந்தத் தொழில் செய்பவரிடம் வேறு ஊர்களில் கேட்காத கேள்விகள் வரும். செல் துண்டு பட்ட தழும்பு இழுக்கிறது, அரிக்கிறது என்பார்கள். எரிகாயத் தழும்பைக் காட்டுவார்கள். செயற்கைக் கால் போடும் இடத்தில் தோல் சிவக்கிறது என்பார்கள். அவர்களிடம் பொய் சொல்லக்கூடாது. எந்த எண்ணெயும் தழும்பை மறையச் செய்யாது.

செய்யக்கூடியது இவ்வளவு. முழுதாக ஆறிய தழும்பில் எண்ணெய் பூசி மெதுவாகத் தடவி வந்தால் வறட்சி குறையும், தோல் கொஞ்சம் இளகும், அரிப்புத் தணியும். தழும்பு வெயிலில் கறுக்கும் என்பதால் துணியால் மூடிக்கொள்வது நல்லது. ஆறாத புண்ணிலும் நீர் வடியும் இடத்திலும் எதையும் பூசக்கூடாது. உள்ளே துண்டு இருக்கும் இடம் திடீரென வீங்கினால், சிவந்தால், வலித்தால் அது வைத்தியர் பார்க்கவேண்டிய விடயம். செயற்கைக் கால் போடுபவர்கள் இரவில் மெல்லிய சவர்க்காரத்தால் கழுவி நன்றாக ஈரம் துடைக்கலாம். காலையில் கால் மாட்டும் முன் எண்ணெய் பூசினால் வழுக்கும், தோலும் ஊறிப்போகும். சிவப்பு மாறாவிட்டால் கால் செய்து தந்த நிலையத்தில் பொருத்தத்தைச் சரிபார்க்கவேண்டும். இப்படிச் சொல்லி ஒருவரைத் திருப்பி அனுப்பினால் அன்றைக்கு ஒரு போத்தல் விற்காது. ஆனால் அவர் அடுத்த தடவை உங்களை நம்பி வருவார்.

இயற்கை என்பதால் எல்லாம் பாதுகாப்பானது என்றும் இல்லை. தேசிக்காய்ச் சாறு பூசி வெயிலில் போனால் தோல் வெந்து கறுக்கும். வேப்பெண்ணெய் குழந்தையின் வயிற்றுக்குள் போனால் உயிராபத்து வரை போகலாம். எள்ளு ஒவ்வாமை உள்ளவர்களும் இருக்கிறார்கள். புதிய பொருளை முதலில் முழங்கையின் உட்பக்கத்தில் சிறிது பூசி ஒன்று அல்லது இரண்டு நாள் பார்க்கும்படி ஒவ்வொருவருக்கும் சொல்லுங்கள்.

"வெள்ளையாக்குமா?"

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். இதற்கு இல்லை என்று சொல்லும் துணிவு இல்லாதவர் இந்தத் தொழிலுக்கு வரவேண்டாம். சந்தையில் விற்கும் சில வெள்ளையாக்கும் கிறீம்களில் பாதரசம் கலந்திருக்கிறது. அது தோல் வழியாக உடலுக்குள் போய்ச் சிறுநீரகத்தையும் நரம்பையும் பாதிக்கும். பாதரசப் பாவனையைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையில் இலங்கையும் சேர்ந்திருக்கிறது, பாதரசம் சேர்ந்த வெள்ளையாக்கும் கிறீம்களும் அதன் கட்டுப்பாட்டுக்குள் வருகின்றன. அம்மம்மா எங்களுக்குப் பயற்றம்மா தேய்த்தது அழுக்குப் போகவும் வியர்க்குரு தணியவும்தான். நிறம் மாறும் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

விலையும் கூலியும்

வீட்டில் இருந்து செய்யும் பெண்கள் பெரும்பாலும் தங்கள் கூலியைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பொருட் செலவுக்கு மேல் வருவதெல்லாம் இலாபம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். முறையைக் காட்டுவதற்காக ஒரு உதாரணக் கணக்கு. எண்களை உங்கள் ஊர் விலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

12 கட்டிக்கு எண்ணெயும் சோடாவும் 1,500 ரூபா, பொதிக்கு 240, விறகு, தண்ணீர், மின்சாரத்துக்கு 100, பாத்திரத் தேய்மானத்துக்கு 90, மூன்று மணித்தியாலக் கூலி 750. மொத்தம் 2,680 ரூபா. ஒரு கட்டி உடைந்தோ கொடுத்துப் பார்க்கவோ போகும் என்று வைத்து 11 ஆல் பிரித்தால் ஒரு கட்டியின் அடக்கம் ஏறக்குறைய 244 ரூபா. அதன் மேல் 20 வீதம் வைத்தால் கடைக்குக் கொடுக்கும் விலை ஏறக்குறைய 290. கடைக்காரர் தன் பங்குக்கு 25 வீதம் சேர்த்தால் வாங்குபவருக்கு 360 ரூபா அளவில் போகும். நேரே விற்கும்போதும் அதே 360 க்கு விற்கவேண்டும். குறைத்து விற்றால் உங்கள் பொருளைக் கடையில் வைக்க யாரும் முன்வரமாட்டார்கள்.

பெரிய தொழிற்சாலைச் சவர்க்காரத்தின் விலைக்கு நாங்கள் இறங்க முடியாது, இறங்கவும் கூடாது. எங்கள் பொருளை வாங்குபவர் வேறு காரணத்துக்காக வாங்குகிறார். அந்தக் காரணம் என்னவென்று அவரிடமே கேட்டு அதற்கேற்பச் செய்யுங்கள்.

வாரக் கடனும் ஆறு வாரச் சவர்க்காரமும்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்திருப்பதென்றால் இதை வையுங்கள். இன்று செய்த சவர்க்காரம் விற்கக் குறைந்தது ஒரு மாதம் வேண்டும். கடைக்காரர் காசு தர இன்னும் இரண்டு வாரம் போகும். நுண்கடன் நிறுவனத்தின் தவணையோ அடுத்த கிழமையே வாசலுக்கு வந்துவிடும். ஒன்றை அடைக்க இன்னொன்று எடுப்பது அப்படித்தான் தொடங்குகிறது. வடக்கிலும் கிழக்கிலும் இந்தக் கடன்கள் பெண்களை எங்கே கொண்டுபோய் விட்டன என்பதை நாங்கள் அறிவோம். 2018 இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபா வரையான நுண்கடன்களுக்கு அரசாங்கமே நிவாரணம் அறிவிக்கவேண்டி வந்தது.

ஆகவே கடன் எடுத்து இதைத் தொடங்கவேண்டாம். ஒரு தராசு, ஒரு வாளி, ஒரு அச்சு, கையுறை, கண்ணாடி, ஒரு கிலோ எண்ணெய். முதல் 12 கட்டியை அயலுக்குக் கொடுங்கள், வந்த காசில் அடுத்த கிலோவை வாங்குங்கள். நான்கைந்து பெண்கள் சேர்ந்தால் தராசும் அச்சும் பொதுவாக இருக்கலாம். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் சுழற்சி நிதியோ கூட்டுறவுச் சங்கத்தின் கடனோ மட்டும் கிடைக்கும் என்றால், திருப்பிக் கட்டத் தொடங்கும் திகதி முதல் விற்பனைக்குப் பிறகு வருகிறதா என்று பாருங்கள். வாரத் தவணை என்றால் வேண்டாம்.

பதிவும் சுட்டுத்துண்டும்

தொழிலின் பெயரைப் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர்ப் பதிவாகச் செய்துகொள்ளலாம். கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலும் இடத்துக்கான ஆவணமும் கேட்பார்கள். சிறுதொழில் முயற்சிக்குப் பொறுப்பான உத்தியோகத்தரும், பல இடங்களில் விதாதா வள நிலையமும் அங்கேதான் இருக்கின்றன. பயிற்சி, கண்காட்சி பற்றிய தகவல் அவர்களிடம் கிடைக்கும். கைத்தொழில் அபிவிருத்திச் சபையின் மாவட்ட அலுவலகத்திலும் விசாரிக்கலாம். உங்கள் வணிகக் குறியை வேறொருவர் எடுக்காமல் காக்க, 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் பதியலாம். அது தொழில் கொஞ்சம் வளர்ந்த பிறகு செய்யும் வேலை.

சுட்டுத்துண்டில் பொருளின் பெயர், சேர்ந்துள்ள எல்லாப் பொருட்களும், நிறை, செய்த திகதி, காலாவதித் திகதி, தொகுதி இலக்கம், விலை, உங்கள் பெயரும் முகவரியும் இருக்கவேண்டும். தொகுதி இலக்கம் கட்டாயம் தேவை. யாருக்காவது கடித்தால் அந்த நாளில் செய்த மற்றக் கட்டிகளை உடனே திரும்ப எடுக்க அது உதவும். நுகர்வோரைப் பாதுகாக்கும் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் வீட்டில் செய்து விற்பவருக்கும் பொருந்தும்.

எழுதக்கூடாத சொற்களும் உண்டு. "சொறி மாறும்", "எக்சிமாவுக்கு மருந்து", "முடி முளைக்கும்" என்று எழுதினால் நீங்கள் மருந்து விற்பவராகிவிடுகிறீர்கள். மருந்துகளை 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கத் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டமும், சுதேச வைத்தியத்தை 1961 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டமும் ஆள்கின்றன. "சுத்தம் செய்யும்", "தோலை மென்மையாக வைத்திருக்கும்" என்பதோடு நின்றால் போதும். சித்த மருந்தாகவே விற்க விரும்பினால் பதிவுபெற்ற சித்த மருத்துவர் ஒருவரோடு சேர்ந்து ஆயுர்வேதத் திணைக்களத்தின் வழியில் போகவேண்டும்.

எங்கே விற்பது

அயல், கோயில் திருவிழா, பாடசாலைக் கண்காட்சி, பிரதேச செயலக விற்பனை நாட்கள், ஊர்க்கடை. பிறகு யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் உள்ள கடைகளும் தங்குவிடுதிகளும். பனையோலைக் குட்டானில் வைத்துக் கொடுத்தால் பிளாஸ்டிக் தேவையில்லை, ஓலை இழைக்கும் இன்னொரு பெண்ணுக்கும் வேலை கிடைக்கும். ஓலை நன்றாகக் காய்ந்திருக்கவேண்டும், ஈர ஓலையில் பூஞ்சணம் பிடிக்கும்.

வெளிநாட்டில் இருக்கும் உறவுகள் ஊருக்கு வரும்போது வாங்கிப் போவார்கள். "நூறு கட்டி அனுப்புங்கோ, இங்கே விற்றுத் தாறம்" என்றும் கேட்பார்கள். அன்பளிப்பும் வியாபாரமும் ஒன்றல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தில் அழகுசாதனப் பொருளை விற்க அங்கே ஒரு பொறுப்பாளரும், தகுதியானவர் தயாரித்த பாதுகாப்பு மதிப்பீட்டு அறிக்கையும் தேவை. பிரித்தானியாவிலும் இதே மாதிரியான விதிகள் உண்டு. கனடாவில் விற்கத் தொடங்கி 10 நாட்களுக்குள் சுகாதார அமைச்சுக்கு அறிவிக்கவேண்டும். இந்தச் செலவை ஒரு வீடு தனியே தாங்காது. பல உற்பத்தியாளர்கள் சேர்ந்த கூட்டுறவாக, ஒரே கலவையை ஒரே தரத்தில் செய்தால் மட்டும் அந்தப் பக்கம் யோசிக்கலாம்.

கடைசியாக ஒன்று

இந்தத் தொழில் யாரையும் பணக்காரராக்காது. ஒழுங்காகச் செய்தால் பிள்ளைகளின் கொப்பிக்கும் உடுப்புக்கும், வீட்டுச் செலவின் ஒரு பகுதிக்கும் உதவும், வீட்டில் இருந்தபடியே, யாரிடமும் கைகட்டி நிற்காமல். கோழி, வீட்டுத்தோட்டம், தையல் போன்ற இன்னொரு வருமானத்தோடு சேர்த்துச் செய்வதே புத்தி.

காசுக்கு அப்பால் இன்னொரு பயனும் இருக்கிறது. பலமுறை இடம்பெயர்ந்த எங்களிடம் காணி உறுதியும் நகையும் படமும் தொலைந்த இடத்தில், கைப்பழக்கம் மட்டும் சிலரிடம் மிஞ்சியிருக்கிறது. அதை வைத்திருப்பவர்கள் இப்போது எழுபதையும் எண்பதையும் தாண்டிவிட்டார்கள். நீங்கள் சவர்க்காரம் செய்யத் தொடங்குகிறீர்களோ இல்லையோ, ஒரு கொப்பியும் தராசும் எடுத்துக்கொண்டு அவர்களிடம் போங்கள். இந்த ஆடியில் வேப்பம்பழம் உதிரும்போது கொட்டையை எப்படிக் காயவைப்பது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.